கறுப்புக் கட்டம்

என்னிடம் வேலை செய்கிறவர்கள் யாரும் ஒரு மனித முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடக் கூடாது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டுவேன். நிறம் கலங்கலாக இருந்தால் கத்துவேன், கீழ்க்கடை வரைக்கும் கேட்கும். கறுப்புக் கட்டம் போட்டால் மட்டும் கத்துவதில்லை. தாளை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வேறு செய்து கொண்டு வா என்று சொல்வேன். இப்போது கணினி வந்துவிட்டது. ஒரு பித்தானைத் தட்டினால் கட்டம் வந்து நிற்கிறது. அதனால் இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது.

"ஏன் மிஸ், ஸ்ட்ராங்காதானே இருக்கு?" என்று போன மாதம் ஒரு பெண் கேட்டாள்.

ஸ்ட்ராங்காகத்தான் இருக்கும். வில்லங்கமே அதுதான். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும், முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் வரலாம்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். இருந்தது இரண்டு மேசை, ஒரு விளக்குப் பெட்டி, கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி. கீழ்த்தளத்தில் ஒரு சீன முதலாளியின் அச்சகம், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். மெஷின் ஓடும்போது என் மேசையிலிருக்கும் பேனாக்கள் தானாக உருளும். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் டாக்டர், அக்கா கணக்காளர். எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் எல்லாரும் உருப்பட்டார்கள், என்னைத் தவிர. "படம் கீறுறதும் ஒரு வேலையோ?" என்று அம்மா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் இந்தத் தொழிலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன்.

சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். தொழிலைப் பற்றி எனக்குத் தோன்றியதையெல்லாம் வேத வாக்கு மாதிரி அதில் எழுதி வைப்பேன். கண் முதலில் எங்கே விழ வேண்டும் என்று நீ முடிவு செய், இல்லாவிட்டால் சுவர் முடிவு செய்யும். அழுகையைத் தலைப்பில் போடாதே. ஒருவர் பார்த்த பிறகுதான் படிக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய அன்றைக்கு எனக்கு நானே டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினேன். எழுதியவளுக்கே அதன் அர்த்தம் தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். காக்கிக் கால்சட்டை போட்ட ஒருவர் மாடிப்படி ஏறி வந்து, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரயில்வேக்காரர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பக்கத்து ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து வருகிறவர்களின் சட்டைக் காலரில் எப்போதும் ஒரு கரிய வரி இருக்கும்.

"தங்கச்சி, இங்கதான் நோட்டீஸ் எழுதிக் குடுக்குறாங்களா?"

"ஆமா, உள்ள வாங்க அங்கிள். என்ன நோட்டீஸ்?"

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து என் மேசை மேல் வைத்தார்.

"பையனக் காணோம். மூணு வாரமாச்சு. போலீஸ்ல சொல்லிட்டேன். இருபத்திரண்டு வயசுப் பையன், தானா வருவான்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

ஒரே மகன். யார் யார் காலிலோ விழுந்து ரயில்வேயில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதம் போய்விட்டு, பிடிக்கவில்லை என்று மகன் நின்றுவிட்டான். வாய்ச்சண்டை முற்றிவிட்டது. அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

"உன்னத் தலை முழுகிட்டேன்டா, போடான்னு சொல்லிட்டேன் தங்கச்சி. சொன்னதோட நின்னிருக்கலாம். சனியன் புடிச்ச கோவம். குழாயடிக்குப் போயி, அவன் கண்ணு முன்னாலயே ஒரு வாளித் தண்ணிய மொண்டு தலையில ஊத்திக்கிட்டேன். சட்டையோட. அவன் ஈரத்தோட நின்ன என்னையே பார்த்தான். அப்புறம் போயிட்டான்."

சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் அது. உயிரோடு முன்னால் நிற்கிற மகனுக்கு ஊற்றியிருக்கிறார். ஆனால் அது என் வேலைக்குச் சம்பந்தமில்லாத குடும்பக் கதை என்று நினைத்து, பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டேன்.

"அவங்கம்மா?"

"அதுதான் தங்கச்சி. அவன் போனப்புறம் படுத்தா. ரெண்டு கிட்னியும் போச்சு, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அவனுக்கு இது தெரியாது. அவ கண்ண மூடறதுக்குள்ள அவன் ஒரு தடவ வந்து நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நோட்டீஸில் என்ன வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியே கொண்டு வந்திருந்தார். அம்மா உனக்காகக் காத்திருக்கிறாள். அப்பாவுக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வா. இதைத்தான் மேலே பெரிதாகப் போட வேண்டும். தமிழில்தான் போட வேண்டும், நம் ஆட்கள் கண்ணில் படுவதற்கு. படத்துக்கு, நண்பனின் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து மகன் சிரிக்கிற படத்தை எடுத்து நீட்டினார். தலைமுடி காற்றில் பறந்தது, கன்னம் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"இதுல சிரிக்கிறான் பாருங்க. அவன் இப்படித்தான் இருப்பான்."

நான் தலையை ஆட்டினேன். படித்த கழுதை ஆட்டுகிற ஆட்டல்.

"அங்கிள், நோட்டீஸ் உங்க பையனுக்கு இல்ல. அவன் எங்கயோ இருக்கான், அவன் இதப் பார்க்கப் போறதில்ல. ரோட்டுல போற ஜனங்க பார்க்கணும், அவன எங்கயாவது பார்த்தா உங்களுக்குப் போன் பண்ணணும். அதுக்கு மூஞ்சி தெளிவா இருக்கணும். இந்தப் படம் பிரிண்ட்ல வராது. அந்த இன்னொண்ணக் குடுங்க."

இன்னொன்று ஸ்டூடியோவில் எடுத்தது. நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு, பித்தான் கழுத்து வரை போட்ட வெள்ளைச் சட்டை. நேராகப் பார்க்கிறான். கண் இமைக்காத முகம். எனக்கு அது கச்சிதமாக இருந்தது.

"அம்மா காத்திருக்காங்கன்றது…" என்று அவர் இழுத்தார்.

"போடுறேன். கீழ போடுறேன். மேல போட்டா ஜனங்க அழுகாச்சி நோட்டீஸ்னு போயிருவாங்க."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

பாவி, அந்த ஒரு வார்த்தைக்காவது நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் அதில் உட்கார்ந்தேன். தமிழுக்கு அப்போது ஒட்டும் எழுத்துத் தாள்கள் கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் கையால்தான் வரைவேன். ஒரே நிறம்தான் அச்சாகும், கறுப்பு. ஊர்ச் சுவர்களோ சினிமாப் போஸ்டர்களால் சந்தை மாதிரி கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு முகத்தை நிறுத்த வேண்டும். முகத்தின் பின்னணியை வெட்டி எடுத்து வெள்ளையாக விட்டேன். சுற்றிலும் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள்ளே நூல் போல இன்னொரு கோடு. படத்துக்குக் கீழே, நடுத்தர எழுத்தில் காணவில்லை என்ற ஒரே சொல். அதற்குக் கீழே வயது, தொலைபேசி எண். அடியில், கட்டத்தை ஒட்டி, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரியில் அம்மா காத்திருந்தாள்.

முடித்ததும் எதிர்க்கடைச் சுவரில் போஸ்டர்களுக்கு நடுவே அதைக் குத்திவிட்டு, சாலையைக் கடந்து நாற்பதடி தள்ளி நின்று பார்த்தேன். அடடா! சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் கத்த, நடுவில் இந்த ஒன்று மட்டும் வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் திரும்ப வைத்தது. கால் மணி நேரம் நின்றேன். போன ஒவ்வொருவரும் திரும்பினார்கள். திரும்பியவர்களை எண்ணினேன். திரும்பிய வேகத்திலேயே முகத்தை விலக்கிக்கொண்டு நடந்ததை எண்ணவில்லை. சைக்கிளில் போன ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார். வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன்.

கீழே அச்சகத்துக்குக் கொண்டு போனேன். படமும் எழுத்தும் ஒட்டிய வேலைத்தாளைத் தவுக்கே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"சியாப்பா மாத்தி?"

யார் செத்துப் போனது என்று கேட்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மாத்தி இல்ல லா தவுக்கே! ஹீலாங்! காணாமப் போயிட்டான்!"

அவருக்குத் தமிழ் தெரியாது, ஹீலாங் என்ற மலாய்ச் சொல் மட்டும் போதுமாயிருந்தது. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கறுப்பைக் கொஞ்சம் மெலிதாக்கலாமே என்று மலாயில் சொன்னார். உன் மெஷினை நீ பார், என் கறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் மலாயில் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை நிறுத்தி, தகட்டை இறக்கிவிட்டு, என் நோட்டீஸை ஏற்றச் சொன்னார். நான் பூரித்துப் போனேன். எந்த வேலைக்கும் மனுஷன் வரிசையை மாற்ற மாட்டார். ஒரே ஒரு வேலைக்குத்தான் மாற்றுவார், சாவு நோட்டீஸுக்கு. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்காக மாற்றினார் என்றே நம்பினேன்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டு போனேன். காட்ட வேண்டும் என்று ஆசை. அம்மா சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே தாளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியை நீட்டி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"உந்தத் தாளை வீட்டுக்குள்ள கொண்டு வராதை, பிள்ளை. செருப்பு வைக்கிற இடத்தில வை."

"ஏன்? என்ன இப்ப?"

"ஏனெண்டு கேளாதை. வெளியில வைச்சிட்டுக் கால் கழுவிப்போட்டு வா."

என் வேலையை அம்மா மதிக்காதது புதிதில்லை. செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது என்று அப்பா கேட்டார்.

பையனின் அப்பாவும் ரயில்வே நண்பர்களும் மரவள்ளி மாவுப் பசை காய்ச்சி ஊர் ஊராக ஒட்டினார்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பஸ் நிலையம், மேரு, செமினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பந்திங்குக்கு அவர்கள் கூடவே போனேன், என் வேலை சுவரில் எப்படி நிற்கிறது என்று பார்க்க. சந்தைக்கு வெளியே முதல் நாள் ஒட்டிய ஒன்றின் மேல், ஆணியில் ஒரு முழம் மல்லிகைச் சரம் தொங்கியது. யாரோ பூ விற்கிறவள் மாட்டிவிட்டுப் போயிருப்பாள் என்று சொல்லி நான்தான் அதை எடுத்துப் போட்டேன். அவர் பசை வாளியோடு நின்று அந்தப் பூவையே பார்த்தார். பூ வாடியிருக்கவில்லை, அன்று காலைதான் கட்டியது. அன்றைக்கு முழுவதும் என் வலது கண் துடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பஸ்ஸில் பக்கத்திலிருந்த, யாரென்றே தெரியாத ஓர் அக்காவிடம் சொன்னேன்.

நோட்டீஸில் போட்டிருந்தது குவாட்டர்ஸுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் தொலைபேசி எண். ஒரு வாரம் கழித்து அந்தக் கடைக்கார அம்மாள் மூச்சிரைக்க என் மாடி ஏறி வந்தார். பின்னால் பையனின் அப்பாவும் வந்தார்.

"என்ன மிஸ் நோட்டீஸ் போட்டீங்க? போன் பண்றவன்லாம் பாடி எத்தன மணிக்கு எடுக்குறாங்கன்னு கேக்குறான்! ஒருத்தன் மாலை எங்க கொண்டு வரணும்னு கேக்குறான். நான் யாவாரம் பார்க்கறதா, இதுக்குப் பதில் சொல்றதா?"

"பையனப் பார்த்தேன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையா?"

"ஒருத்தர்கூட இல்ல. செத்தவன யாரு மிஸ் தேடுவாங்க?"

அவர் கதவருகே தலையைக் குனிந்து நின்றார். அந்த அம்மாள் சொன்னது அவர் காதில் விழுந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிடமே கீழே ஓடி, கட்டமில்லாமல், அந்தச் சிரிக்கிற படத்தைப் போட்டு, மூன்று மொழியிலும் எழுதி, மறுபடி அடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கத்தினேன்.

"காணவில்லைன்னு தமிழ்ல எழுதியிருக்கு இல்ல? கண்ணத் தொறந்து படிக்கத் தெரியாதா இந்த ஜனங்களுக்கு? ஒரு வார்த்த படிக்கச் சோம்பேறித்தனம்! இவங்களுக்குப் போயி நான் ராத்திரி பகலா எழுத்து வரையறேன் பாருங்க!"

"விடுங்க தங்கச்சி. நம்ம ஜனங்க அப்படித்தான்," என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்!

அவர்கள் போன பிறகு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. மேலே ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டலாமா, கட்டத்தை மறைக்கலாமா என்று யோசித்தேன். அன்றைக்கென்று ஒரு பிஸ்கட் டின்னின் லேபிள் வேலை வந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார். செருப்பைக் கழற்றினார், இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். நெற்றியில் எப்போதும் இருக்கிற விபூதி இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். நடுத்தர வயதுப் பெண், காதில் சின்னத் தோடு, சிரிக்க நினைத்துச் சிரிக்காத வாய். மகனின் வாய்.

"முந்தாநேத்து போயிட்டா. கடைசிவரைக்கும் வாசலப் பார்த்தே கெடந்தா. கொள்ளி வைக்க அவன் இல்ல, நானே வெச்சேன்." படத்தை என் பக்கம் நகர்த்தினார். "பதினாறாம் நாளுக்கு நோட்டீஸ் அடிக்கணும் தங்கச்சி. அதே மாதிரி போடுங்க."

"எத மாதிரி?"

"பையனுக்குப் போட்ட மாதிரியே. அது நல்லா இருந்துச்சு."

குத்திப் பேசவில்லை. மனுஷனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. மனசாரச் சொன்னார்.

அவர் போன பிறகு பழைய வேலைத்தாளை எடுத்தேன். மகனின் படத்தை நுனி பிடித்து உரித்தேன். அந்த வெள்ளை இடத்தில் அவன் அம்மாவின் படத்தை வைத்தேன். பொருந்தியது. கட்டத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. உள்கோட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை. காணவில்லை என்று இருந்த இடத்தில் பெயரும் தேதியும் அப்படியே உட்கார்ந்தன, அவர்களுக்கென்றே அளந்து விட்ட இடம் போல. ஓர் உயிரோடு இருக்கிற பையனுக்கு நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, அதை வைத்துத்தான் பிழைப்பே நடத்தினேன். முழங்கை தட்டிக் கோந்து டப்பா கவிழ்ந்து மேசையெல்லாம் ஓடியது. துடைக்கக்கூட எழுந்திருக்காமல் அழுதேன்.

கீழே கொண்டு போனபோது தவுக்கே எதுவும் கேட்கவில்லை. ஓடிய வேலையை நிறுத்தி, இதை ஏற்றினார்.

பழைய இடங்களிலேயே ஒட்டினார்கள். மகனுடைய நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குவாட்டர்ஸுக்குப் போனேன். கட்டாயம் வர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடு; வண்டி போகும்போதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த அம்மாளின் படம் ஆடியது. அதன் முன்னே ஐயர் சொல்லச் சொல்ல, மொட்டைத் தலையோடு ஒருவன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தான். முடி இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டு நாள் என் விளக்குப் பெட்டியில் கிடந்த முகம்.

"மூணு நாளைக்கு முன்னால வந்துட்டான்," என்று மளிகைக் கடை அம்மாள் என் காதில் சொன்னார். "மேருவுல ஏதோ பேக்டரியில இருந்திருக்கான். அவங்கம்மா நோட்டீஸப் பார்த்துட்டு வந்தானாம்."

சாப்பாடு ஆனதும் கை கழுவப் பின்பக்கம் போனேன். சிமெண்டுத் தளம், ஒரு குழாய், கவிழ்த்த வாளி. இதுதான் அந்தக் குழாயடி என்று உறைத்தபோது அவன் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, நீங்க தமிழ் படிப்பீங்களா?"

"படிப்பேன். ஏன் தம்பி?"

"நான் ஸ்கூல் எல்லாம் மலாய்லதான். பேசுவேன், படிக்கத் தெரியாது. அப்பாகிட்ட இதக் கேக்க முடியாது. நீங்க கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

பர்ஸிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். சுவரிலிருந்து பிய்த்தது. ஒரு மூலை கிழிந்திருந்தது, பின்புறம் சுண்ணாம்புச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டம் மட்டும் அப்படியே, முதல் நாள் மாதிரி கறுப்பாக இருந்தது.

"எப்பப் பார்த்தே இத?" என்று கேட்டேன்.

"கிள்ளான் பஸ் ஸ்டேஷன்ல. ஒட்டி ரெண்டு நாள் இருக்கும், பசை ஈரமாவே இருந்துச்சு. பார்த்தா என் மூஞ்சி. நெத்தியில விபூதி, சுத்தி பிளாக் பார்டர். அப்பா தண்ணி ஊத்திக்கிட்டாரு இல்ல, இப்ப நோட்டீஸும் அடிச்சிட்டாருன்னு நெனச்சேன். மொத்தமாத் தலை முழுகிட்டாருன்னு நெனச்சேன். செத்தவன் எப்படி லா அக்கா வீட்டுக்குப் போறது?"

இரண்டாம் நாள். அதற்குப் பிறகு அவன் அம்மா பதிமூன்று நாள் உயிரோடு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே தம்பி?"

"எப்படிக்கா கேக்குறது? என் சாவு நோட்டீஸ நானே கொண்டு போயி, கொஞ்சம் படிங்கன்னா? தொப்பியப் போட்டு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு ரூமுக்கு ஓடிட்டேன். அப்புறம் அம்மாவோடது பக்கத்துல ஒட்டியிருந்துச்சு. அப்பா அம்மாவ எதுக்குத் தலை முழுகப் போறாரு? அம்மாவோடது நெசம்னு அப்பத் தெரிஞ்சுச்சு. ஆனா என்னோடது என்னன்னு இன்னும் தெரியல."

தாளை வாங்கினேன். என் கையெழுத்தை நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி படித்தேன்.

"காணவில்லை."

"காணவில்லைன்னா மிஸ்ஸிங்கா?"

"ஆமா தம்பி. மிஸ்ஸிங்."

வயதைப் படித்தேன். எண்ணை அவனே கண்டுபிடித்து, கடை நம்பர் என்றான். பிறகு விரலைக் கட்டத்தின் அடிப்பக்கம் வைத்தான்.

"இது என்ன, கீழ பொடியா? பிரஸ்காரன் பேரா?"

படித்தேன். "அம்மா உனக்காகக் காத்திருக்கிறாள். அப்பாவுக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வா."

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வண்டி போனது. அது போய் முடிகிற வரைக்கும் காத்திருந்து, இதை வரைந்தது நான்தான் என்று சொன்னேன். அவன் அடிப்பான், கத்துவான், அப்பாவைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் தலையை நிமிர்த்தி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்.

"இதப் போயி ஏங்க்கா இவ்ளோ சின்னதாப் போட்டீங்க?"

எந்தக் கேள்விக்கும் என் சிவப்பு நோட்டில் ஒரு பதில் இருக்கும். இதற்கும் இருந்தது, அழுகையைத் தலைப்பில் போடாதே என்று. அதை நான் சொல்லவில்லை.

"அழகா இருக்கட்டும்னுதான் தம்பி," என்றேன்.